வெள்ளைத் துண்டைப் பார்த்து ஓட்டியவன்

புது வண்டிக்குப் பூஜை போடுகிறோம், கட்டாயம் வரணும் என்று டிராவல்ஸ் ஓனர் போன் செய்தார். பழைய ஓனரின் மகள். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் கல்லூரிப் பையோடு ஷெட்டுக்குள் வந்து போன பெண், இப்போது அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து தன்னைவிட இரண்டு மடங்கு வயதான டிரைவர்களை மிரட்டிக்கொண்டிருக்கிறார். போனேன். தேர்தல் பிரசாரத்துக்கென்றே செய்த வண்டி. மினி லாரியின் பின்பாதியைத் திறந்து, டிரைவர் தலைக்கு மேல்வரை மேடை கட்டி, சுற்றிலும் கம்பி போட்டிருந்தார்கள். அதெல்லாம் எனக்குப் பழகியதுதான். டிரைவர் சீட்டுக்கு எதிரில் இருந்த சின்னத் திரைதான் புதிது. வண்டிக்கு நான்கு பக்கமும் கேமரா, அடியிலும் ஒரு கேமரா. சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அந்தப் பழம் திரையில் பளிச்சென்று தெரிந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாம்பிராணிப் புகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

"இதெல்லாம் இல்லாம எப்படி அங்கிள் ஓட்டுனீங்க?" என்று கேட்டார் ஓனர்.

"பயந்துக்கினுதாம்மா ஓட்டினேன்" என்றேன்.

டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதையே எழுதிக் கொடுங்கள், நம் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன், இவர்கள் படிக்கட்டும் என்றார் அவர். அதனால் எழுதுகிறேன். அந்தக் காலம் போல வருமா என்று நான் அங்கலாய்க்கப் போவதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் காலம் ஒழிந்ததில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவன் இந்த பெங்களூரில் இருக்க முடியாது.

என் பெயர் சேவியர். விவேக் நகரில் இருக்கிறேன். அப்போது வருஷம் முழுக்க என் வேலை பொம்மசந்திராவுக்கு ஃபேக்டரி பஸ் ஓட்டுவது. விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓசூர் ரோட்டில் போய் இறக்குவது, ஷிப்ட் முடிந்தவர்களைக் கூட்டிவருவது. ஆனால் எங்கள் மாதா கோயில் திருவிழாவில் சுரூபம் வைத்த வண்டியை வாலிப வயதிலிருந்தே நான்தான் ஓட்டுவேன். பழைய ஓனர் ஒரு வருஷம் அந்தப் பவனியை வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார். மெழுகுவர்த்தி பிடித்த கிழவிகள் நடக்கிற வேகத்துக்கு வண்டி போகிறது, வண்டியில் வைத்த பூ ஆடவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, பறக்கிற மாதிரி ஓட்டுகிறவன் ஊர் முழுக்க இருக்கிறான், நடக்கிற மாதிரி ஓட்டுகிறவன்தான் கிடைப்பதில்லை என்றார். அன்றிலிருந்து தேர்தல் வந்தால் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிரசார வண்டியில் ஏற்றிவிடுவார்கள். எந்தக் கட்சி வாடகைக்கு எடுத்தாலும் டிரைவர் சேவியர்தான்.

அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். முழு நாளும் முதல் கியர். முழு நாளும் ஹாஃப் கிளட்ச். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலால் மிதித்தால்தான் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று பாதத்துக்குத் தெரியும். தேர்தல் என்னவோ பெரும்பாலும் வெயில் காலத்தில்தான் வரும். காற்றே படாமல் ஊர்ந்தால் என்ஜின் கொதிக்கத் தொடங்கும். அப்போது உள்ளே ஹீட்டரைப் போட வேண்டும். ஹீட்டர் போட்டால் என்ஜின் சூட்டை அது இழுத்து டிரைவர் மேல் ஊதும், என்ஜின் பிழைத்துக்கொள்ளும். மே மாத மத்தியானத்தில் ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து, ஏசி வண்டி ஓட்டுகிற யோகக்காரன் என்று பேசிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். இடது முழங்கால் சாயங்காலத்துக்குள் என்னுடையதாகவே இருக்காது.

இதெல்லாம் பெரிய கஷ்டம் இல்லை. என்னைத் தின்ற கவலை வேறு. பிரசார வண்டியைச் சுற்றி நிற்கிறவர்கள் ஒருவர்கூடத் தன் காலைப் பார்க்க மாட்டார்கள். எல்லாருக்கும் கண் மேலே, வேட்பாளர் மேல். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், முன்னால் இருப்பவர் பக்கவாட்டில் சாய்கிறார், பாதம் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறது. எனக்குக் கனவில் தலைவர்கள் வந்ததில்லை. கால்கள்தான் வரும். கொலுசு போட்ட கால், சாக்ஸ் போட்ட கால், ரப்பர் செருப்பு போட்ட கால். தூக்கத்தில் நான் பிரேக் மிதித்து மிதித்து என் மனைவி ஸ்டெல்லாவைக் கட்டிலிலிருந்து தள்ளிய நாட்கள் உண்டு. ஒவ்வொரு தேர்தலிலும் என் ஜெபம் ஒன்றுதான். ஆண்டவரே, யார் வேண்டுமானாலும் ஜெயிக்கட்டும், என் சக்கரத்தில் ஒரு கால்கூட மாட்டாமல் என்னை வீட்டுக்கு அனுப்பு.

இந்த ஜெபத்தில் பாதியை நிறைவேற்றியவர் கிருஷ்ணப்பா அண்ணா. எங்கள் டிராவல்ஸில் பிரசார வண்டிகளுக்கு இன்சார்ஜ், எனக்கு மேலதிகாரி. முன்பு ஹோம்கார்டில் இருந்தவர். கன்னடக்காரர், ஆனால் தமிழ் எங்களைப் போலவே பேசுவார். வண்டிக்கு நாலடி முன்னால், முகத்தை என் பக்கம் வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பிரசாரம் முடியும் வரை. மறுநாள் வண்டி போக வேண்டிய தெருவுக்கு முந்தின சாயங்காலமே போய் ஒரு தடவை பின்பக்கமாக நடந்து பார்த்துவிடுவார். எங்கே பள்ளம், எங்கே வேகத்தடை, எந்த ஒயர் தாழ்வாகத் தொங்குகிறது என்பதெல்லாம் அவர் முதுகுக்குத் தெரிந்துவிடும். ஆளுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று அந்தத் தெருக்காரர்கள் சிரிப்பார்கள். அவர் அதைக் கண்டுகொள்ள மாட்டார். கத்த மாட்டார். கூட்டத்தைத் தள்ள மாட்டார். ஒரு இலவங்கத்தை வாயில் அடக்கிக்கொண்டு, "ஸ்வல்ப ஹிந்தே, ஸ்வல்ப ஹிந்தே" என்று கொஞ்சம் பின்னால் போகும்படி கெஞ்சுகிற மாதிரிதான் சொல்லுவார். ஆனால் என்ன மாயமோ, ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள்.

ஆரம்பத்தில் எனக்கு சிக்னல் மேலேயிருந்துதான் வந்தது. வேட்பாளர் நிற்கிற மேடை என் தலைக்கு மேல். காலால் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போ. ஒரு தேர்தலில் மேளக்காரர்கள் அடித்த அடியில் வேட்பாளருக்கு உற்சாகம் பிறந்து ஆடத் தொடங்கிவிட்டார். நான் போ, நிறுத்து, போ, நிறுத்து என்று வண்டியோடு சேர்ந்து ஆடினேன். கடைசியில் பம்பர் போய் ஒரு மேளத்தில் முட்டித் தோல் கிழிந்தது. மேளத்துக்குப் பின்னால் இருந்த வயிற்றுக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை.

அன்றோடு கிருஷ்ணப்பா அண்ணா காலால் தட்டுவதை ஒழித்தார். இனிமேல் நான் முன்னால் காட்டுவதுதான் சிக்னல் என்றார். ஆனால் எதைக் காட்டுவது என்பதில் பெரிய சிக்கல் வந்தது. வெறுங்கையைக் காட்டினால் அது ஒரு கட்சியின் சின்னம். பச்சைத் துணி பிடித்தால் ஒரு கட்சி, சிவப்புக்கு ஒரு கட்சி, காவி, மஞ்சள், நீலம் என்று எல்லா நிறத்துக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். விசில் ஊதலாமென்றால் அதையும் யாரோ ஒரு சுயேச்சைக்குச் சின்னமாகக் கொடுத்திருந்தார்கள். கடைசியில் தன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டையே எடுத்துக்கொண்டார். துண்டு தலைக்கு மேலே உயர்ந்தால் நிறுத்து. மார்புப் பக்கம் ஆட்டினால் வா. தோளில் போட்டுவிட்டால் என்ஜினை அணை, டீ குடிக்கலாம்.

"துண்டு தெரியலன்னா?" என்று கேட்டேன்.

"நிறுத்து. மேல முதலமைச்சரே நின்னு போன்னு சொன்னாலும், துண்டு தெரியலன்னா நிறுத்து."

அதற்குப் பிறகு நான் வேறெதையும் பார்த்ததில்லை. எத்தனையோ பேருக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன், மேலே நின்றவர்களின் முகத்தைப் பிரசாரத்தின்போது பார்த்தது கிடையாது. பூ கொட்டுகிறார்கள் என்பது கண்ணாடியில் வந்து விழுகிற இதழைப் பார்த்துத்தான் தெரியும். நான் பார்த்ததெல்லாம் ஒரு வெள்ளைத் துண்டு.

நான் கடைசியாக ஓட்டிய தேர்தலுக்கு வருகிறேன். எங்கள் தொகுதியில் பல தடவை ஜெயித்த எம்.எல்.ஏ., உடம்பு முடியவில்லை, இனி நிற்கவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். நாற்காலி காலியானதும் தொகுதியே களேபரமானது. அவர் இருக்கும்வரை ஆசையை மடித்து வைத்திருந்தவர்கள் எல்லாரும் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வண்டியை எடுத்தது சரளா மேடம். வக்கீல். முதல் தடவை நிற்கிறார். புடவைக்குக் கீழே விளையாட்டு ஷூ போட்டுக்கொண்டு காலையில் ஏறினால் சாயங்காலம் வரை டீக்குத் தவிர மேடையை விட்டு இறங்க மாட்டார். என் முழங்கால் டாக்டர் இதுதான் கடைசி, இனி மிதித்தால் ஆபரேஷன்தான் என்று சொல்லியிருந்தார். இந்த ஒரு தேர்தலை நல்லபடியாகக் கடந்துவிட்டால் நான் தப்பித்தேன் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மேடத்துக்குத் தமிழ் வராது. ஆனால் பிரசாரத்தின் கடைசி நிறுத்தம் எங்கள் வீடு இருக்கிற விவேக் நகர்த் தமிழ்த் தெரு. பழைய எம்.எல்.ஏ. பின்னால் ஒரே ஆளாகப் போன தெரு அது. இப்போது யார் பக்கம் சாய்வது என்று முடிவு பண்ணாமல் இருந்தார்கள். அங்கே பேசுவதற்கு மூன்று வாக்கியம் தமிழில் வேண்டும் என்று டீ நேரங்களில் என் ஜன்னல் பக்கம் வந்து நிற்பார். கட்சிக்காரர்கள் எழுதிக் கொடுத்தது, நான் உங்கள் வீட்டு மகள், தாய்மார்களே என்கிற ரகம். இது எல்லா வண்டியிலும் சொல்கிறார்கள் மேடம் என்றேன். அப்படியானால் அந்தத் தெருவில் என்னதான் பிரச்சினை என்று கேட்டார். சொன்னேன். அதையே மூன்று வாக்கியமாக வைத்துக்கொண்டு, ழகரத்தோடு மல்லுக்கட்டி மனப்பாடம் செய்தார். "மழை வந்தா உங்க வீட்டுக்குள்ள தண்ணி வருது. சாக்கடை சின்னது, வீடு நெறைய. அத மொதல்ல பாப்பேன்." அவ்வளவுதான். வக்கீல் ஆயிற்றே, அளந்துதான் பேசுவார்.

கடைசி நாள். சாயங்காலம் ஆறு மணியோடு மைக் அணைய வேண்டும், ஊர்வலம் கலைய வேண்டும், இல்லாவிட்டால் கேஸ். அதற்கு முன்னால் தமிழ்த் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று கிருஷ்ணப்பா அண்ணா கணக்காக வண்டியை நடத்திக்கொண்டு வந்தார். மார்க்கெட் தெருவில் திரும்பியதும் எங்கள் முன்னால் ஓரமாக ஒரு கிரேன் நின்றது. அதன் கொக்கியில் ஆப்பிள் மாலை.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் கர்நாடகத்தில் தலைவர் வந்தால் ரோஜாப்பூ மாலை போட்டால் போதாது. ஆப்பிளையோ சாத்துக்குடியையோ வடக்கயிறு மொத்தத்துக்குக் கோத்து, ஆள் தூக்க முடியாத மாலையை கிரேனில் தொங்கவிட்டு, மேலேயிருந்து இறக்குவார்கள். இறக்கிய மறு நிமிஷம் கூட்டம் பாய்ந்து பழத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். அதுதான் மரியாதை. அந்த ஏரியா லீடர் தன் செல்வாக்கைக் காட்ட யாரிடமும் சொல்லாமல் ஏற்பாடு செய்துவிட்டார். முந்தின சாயங்காலம் பின்பக்கமாக நடந்து பார்த்தபோது அங்கே கிரேன் இருக்கவில்லை. கிருஷ்ணப்பா அண்ணாவுக்கு முகம் கறுத்துவிட்டது. ஜன்னலண்டை வந்து, "ஆப்பிள் தட்டுல இருக்கணும் சேவி, ரோட்ல இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்த் துண்டைத் தலைக்கு மேல் தூக்கினார். நிறுத்தினேன்.

மாலை இறங்கியது. கிரேன்காரர் கொஞ்சம் அதிகமாக இறக்கிவிட்டார். மேடத்தின் தோளைத் தாண்டி, கம்பியைத் தாண்டி, என் கண்ணாடி முழுக்க ஆப்பிளாக வந்து விழுந்தது. கேபினுக்குள் இருட்டாகிவிட்டது. ஜனங்கள் ஓவென்று கத்திக்கொண்டு முன்பக்கம் பாய்ந்தார்கள். வண்டி குலுங்கியது. ஆப்பிள்கள் பானெட்டில் விழுந்து தடதடவென்று உருண்டன. எனக்குத் துண்டு தெரியவில்லை.

மேலே மேடம், யார் சொல்லிக்கொடுத்தார்களோ, பழைய மாதிரி காலால் தட்டினார். இரண்டு தட்டு. மறுபடியும் இரண்டு தட்டு. ஆறு மணி நெருங்குகிறது, அவருக்கு அந்தத் தெரு வேண்டும். ஏரியா லீடர் என் கதவை அடித்துக்கொண்டு, எடு, வண்டியை எடு, டைம் போயிட்டே இருக்கு என்று கத்தினார். கிருஷ்ணப்பா அண்ணா எங்கே என்று கேட்டேன். அவர் வழி பண்ண முன்னால் போய்விட்டார், நீ எடு என்றார். லீடர் பொய் சொல்லவில்லை. முன்னால் ஆளைக் காணோம், அதனால் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கிளட்ச் மேல் காலை வைத்துவிட்டேன், கியரும் போட்டுவிட்டேன். கண்ணாடியை மறைத்துக்கொண்டிருந்த மாலையும் வண்டி நகர்ந்தால் தானாக விலகிவிடும் போலிருந்தது.

ஆனால் பயம் வந்துவிட்டது. இதை அறிவு என்றோ அனுபவம் என்றோ சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். வெறும் பயம். என் கண்ணுக்கு முன்னால் மறுபடியும் கால்கள் வந்தன. கியரை எடுத்தேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏரியா லீடர் கன்னடத்தில் என் குலத்தையே இழுத்துத் திட்டினார். கதவைத் திறக்க முடியாத அளவுக்குக் கூட்டம். எதிர்ப்பக்கக் கதவை ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் தள்ளி, மாலைக்கு அடியில் குனிந்து முன்பக்கம் போனேன்.

ஒரு வெள்ளைக் கான்வாஸ் ஷூ. என் முன்சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஷூவுக்குள் கால் இருந்தது. கிருஷ்ணப்பா அண்ணா பம்பருக்குக் கீழே கிடந்தார். ஆப்பிள் காலில் உருண்டு பின்னால் சாய்ந்திருக்கிறார், கூட்டம் தள்ளியதில் வண்டிப் பக்கம் வந்து விழுந்திருக்கிறார், அவரைத் தாண்டித் தாண்டி ஜனங்கள் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் ரத்தம். கணுக்கால் பார்க்க முடியாத கோணத்தில் திரும்பியிருந்தது. வண்டி ஒரு சாண் நகர்ந்திருந்தால்கூட அவருடைய இரண்டு காலும் போயிருக்கும். ஒரு கையில் அந்தத் துண்டைத் தரைக்கு ஓரடி மேலே தூக்கிப் பிடித்திருந்தார். நிறுத்து.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அவரைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று ஞாபகம் இல்லை. கிருஷ்ணப்பா அண்ணா என்னைப் பார்த்து, "என்ஜின அணச்சியா?" என்று மட்டும் கேட்டார். சாவியை எடுத்துக் காட்டினேன். அப்புறம்தான் கையைக் கீழே போட்டார்.

மேடம் மாலைக்குள்ளிருந்து எப்படி வெளியே வந்தார் என்று தெரியாது, நான் நிமிர்ந்தபோது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். பின்னால் தெரு அடைத்துக் கூட்டம், ஒரு ஸ்கூட்டர்கூட உள்ளே வர வழியில்லை. ஆஸ்பத்திரிக்கு இருந்த ஒரே வழி முன்பக்கம், தமிழ்த் தெரு வழியாக. மாலையை அறுத்து ஓரமாகத் தள்ளி, அண்ணாவைத் தூக்கி மேடையில் படுக்க வைத்தோம். மேடம் மேலே ஏறி மைக்கை எடுத்து, தாரி பிடி, தாரி பிடி என்று வழி விடச் சொன்னார். முன்னால் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாது. வேட்பாளர் பேச ஆரம்பித்துவிட்டார் என்று ஜே போட்டார்கள். உருதுவில் சொன்னார், அதற்கும் ஜே. மேளக்காரர்கள் வேறு உற்சாகமாகிவிட்டார்கள். மைக்கில் சொல்லச் சொல்ல ஆட்கள் கிட்டே வந்துகொண்டே இருந்தார்கள்.

மேடம் மைக்கை அணைத்தார். இன்னும் கொஞ்ச நேரம் பாக்கி இருக்கிறது மேடம், அந்தத் தெருவில் இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். மேடம் கிருஷ்ணப்பா அண்ணாவின் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டார். கீழே இறங்கினார். கிருஷ்ணப்பா அண்ணாவின் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டார்.

"எப்படிக் காட்டணும், சொல்லு" என்று கன்னடத்தில் என்னிடம் கேட்டார். நெஞ்சுப் பக்கம் ஆட்டினால் வா, தலைக்கு மேல் தூக்கினால் நிறுத்து என்றேன். தலையாட்டிவிட்டு வண்டிக்கு நாலடி முன்னால் போய் என்னைப் பார்த்துத் திரும்பி நின்றார். துண்டை ஆட்டினார். நான் வண்டியை எடுத்தேன்.

அப்படித்தான் நாங்கள் தமிழ்த் தெருவுக்குள் போனோம். வேட்பாளர் கீழே நடக்கிறார், அதுவும் பின்பக்கமாக. அதைப் பார்த்ததும் ஜே நின்றது, மேளம் நின்றது, ஆட்கள் தாமாகவே சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். வாசலுக்கு வாசல் பெண்கள் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். ஓட்டு கேட்க வேண்டிய தெரு முழுவதற்கும் மேடம் தன் முதுகைத்தான் காட்டினார். ஒரு வீட்டைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் என்னையும் என் சக்கரத்தையும். ஒரு இடத்தில் சாக்கடை மூடி தடுக்கித் தடுமாறினார். துண்டு சட்டென்று மேலே போனது. நின்றேன். காலை ஊன்றிக்கொண்டு மறுபடியும் ஆட்டினார். அவ்வளவு காலம் வண்டி ஓட்டி, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு வேட்பாளரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான். வேர்த்து, குங்குமம் கலைந்து, என்னைப் போலவே பயந்துபோன முகம். எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஸ்டெல்லா என் கண்ணீரைப் பார்த்துவிட்டு, யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

யாரும் சாகவில்லை. கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது, நெற்றியில் தையல். டாக்டர் வெளியே வந்து, நடப்பார், கொஞ்சம் சாய்த்து நடப்பார், அவ்வளவுதான் என்றார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதியை நான் கல்யாணத்தன்றுகூட அனுபவித்ததில்லை. ஸ்டெல்லா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, உண்மை அதுதான்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆப்பிள் கொண்டுவந்தார்கள். நோயாளிக்கு வேறென்ன கொண்டுவருவார்கள்? ஏரியா லீடர்கூட ஒரு கூடை ஆப்பிளோடு வந்து, கண் கலங்கி மன்னிப்புக் கேட்டார். கிருஷ்ணப்பா அண்ணா அந்தக் கூடையை ஒரு பார்வை பார்த்தார். நான் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தேன்.

அடுத்த நாள் அண்ணா என்னிடம் கேட்டார். "நீ நிறுத்துவேன்னு எனக்கே நம்பிக்கை இல்ல சேவி. எப்படி நிறுத்தின?"

"துண்டு தெரியல" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் யாரையும் அப்படித் தொட்டதில்லை.

சரளா மேடம் தோற்றார். கொஞ்ச ஓட்டில்தான். அந்தத் தெருவில் பேசியிருந்தால் ஜெயித்திருப்பார் என்றார்கள் சிலர். பேசாமல் போனதால்தான் அங்கே அவ்வளவு ஓட்டாவது விழுந்தது என்றார்கள் வேறு சிலர். எனக்குத் தெரியாது. ரிசல்ட் வந்த மறுநாள் சாத்துக்குடிப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகமாக இருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கும் வந்தார். வண்டி இல்லை, மைக் இல்லை. கோயில் பூசை முடிந்து வந்தவர்கள் முன்னால் நின்று அந்த மூன்று வாக்கியத்தையும் ஒரு பிசகில்லாமல் சொன்னார். இவ்வளவு கஷ்டப்பட்டு மனப்பாடம் பண்ணியது வீணாகக் கூடாது என்றார். ஜனங்கள் சிரித்தார்கள், பிறகு வீட்டுக்கு வீடு கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் ஏறிய சுவரைக் காட்டினார்கள்.

நான் அந்தத் தேர்தலோடு வண்டியை விட்டு இறங்கினேன். என் வண்டியால் கிழிந்தது ஒரு மேளத்தின் தோல் மட்டும்தான். இப்போது கனவில் கால்கள் வருவதில்லை. ஸ்டெல்லா கட்டிலில் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

பூஜை போட்ட அந்தப் புது வண்டி போன வாரம் தன் முதல் பிரசாரத்துக்கு வந்தது. எங்கள் பக்கம்தான். யாரோ புது வேட்பாளர். கிருஷ்ணப்பா அண்ணாவுக்கும் சொல்லியிருந்தார்கள். கைத்தடியோடு பஸ் பிடித்து வந்துவிட்டார். இருவரும் ஒரு பேக்கரிப் படிக்கட்டில் ஏறி நின்றோம். தெருமுனையில் கிரேன் நின்றது, கொக்கியில் ஆப்பிள் மாலை. காலம் மாறினாலும் அது மட்டும் மாறவில்லை. மாலை இறங்கத் தொடங்கியது. சுற்றிலும் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு மேலே பார்த்தார்கள்.

நான் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா இருக்கிறது, திரை இருக்கிறது, உள்ளே இருக்கிறவர் கெட்டிக்காரர், எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் கண் அங்கேயே நின்றது. திரும்பிப் பார்த்தேன். கிருஷ்ணப்பா அண்ணாவும் மேலே பார்க்கவில்லை. கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதே சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல பாரு சேவி" என்றார். "ஒரு தடவையாவது பாரு."

"நீங்களும் பாக்கலையேண்ணா."

"நீ மொதல்ல பாரு. அது வரைக்கும் கீழ நான் பாத்துக்கறேன்."

நிமிர்ந்து பார்த்தேன். வெயில் பட்டு அவ்வளவு ஆப்பிளும் சிவப்பாக மின்னிக்கொண்டு மெதுவாக இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது.